தண்ணீர் கேட்காத தோட்டம்

"புல்தரைய எடுத்தாச்சு. இனிமே ஆவாரை, நொச்சி, கற்றாழைதான். எல்லாம் நம்ம மண்ணுச் செடி, மழைத் தண்ணியே போதும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம், தங்கவேலு" என்றார் சிவப்பிரகாசம்.

பத்து வருடமாக அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிவந்த தங்கவேல், "ஆங், சரிங்க சார்" என்று ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனான்.

ஆடியில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திருத்தணி திரும்பிய சிவப்பிரகாசம் வாசலிலேயே நின்றுவிட்டார். தோட்டத்துக் கறையான் புற்றுக்கு யாரோ மஞ்சள் பூசிப் புடவை சுற்றியிருந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வேன் வைத்து வந்த பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆவாரை அழுகிவிட்டது. கற்றாழை மிதந்தது.

"ஊத்தாதீங்கம்மா! செடியெல்லாம் சாவுது!"

"செடிக்கா ஊத்திகினு இருக்கோம்? அம்மனுக்கு ஊத்துறோம்" என்றாள் ஒருத்தி. "எதுவானாலும் பூசாரியாண்ட கேளுங்க. தெனம் நூறு கொடம் ஊத்தணும்னு அவரு கனவுல அம்மனே வந்து சொல்லிச்சாம்."

சிவப்பிரகாசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், புற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த பூசாரியின் முதுகைக் கும்பிட்டார். "சாமி, தண்ணி ஊத்துறத நிறுத்தச் சொல்லுங்க."

நெற்றி நிறையக் குங்குமத்தோடு பூசாரி திரும்பினார்.

"நிறுத்திட்டா இங்க எனக்கு ஏதுங்க சார் வேல?" என்றான் தங்கவேல்.