நாலும் வெடித்தது

"மாப்பிள்ளை, நாகப்பட்டினத்துல அந்த நாலும் இதுவரைக்கும் வெடிச்சிருக்கா?"

நிஜாமுதீன் நெய்ச்சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தான்.

கேட்டவர் மாமனார் ஜெகபர் அலி. மலைக்கோட்டைக்குக் கீழே மரக்கடையில் அவருடைய தச்சுப் பட்டறைக்கு நாற்பது வயது. கொஞ்ச நாளாகச் சர்க்காருக்கு டென்ட் முளை செதுக்குகிறார். எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். நிக்காஹ் பேச வந்த அன்று மாப்பிள்ளையின் தோளிலேயே இரண்டு தட்டு தட்டினார் என்று மனைவி வஹீதா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர். இவன், மாமனார், விருந்துக்கு வந்த தெருப் பெரியவர்கள் இருவர். சோற்றின் உச்சியில் மாப்பிள்ளைக்கென்றே ஒரு நல்லி எலும்பு.

விருந்து இவனுக்கு அல்ல, பீரங்கிக்கு.

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று மெட்ராஸ்காரர்கள் மூட்டை முடிச்சோடு திருச்சியில் இறங்கி வாடகைக்கு வீடு தேடிய வருஷம் அது. பட்டறையில் உட்காரச் சொன்னால் பட்டாளத்துக்கு ஓடிய மருமகனிடம் அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மனிதர், கடற்கரையில் பீரங்கிக்காரனாக நிற்கிறான் என்று கேட்டதும் இறங்கி வந்திருந்தார். பீரங்கி போனால் நல்லி எலும்பும் போகும். மரியாதையும் போகும்.

அதில்தான் சிக்கல்.

நாலு பீரங்கியும் மரம்.

தார் பூசிய வெறும் மரம். வானத்திலிருந்து எட்டிப் பார்க்கிற எதிரி பயந்து ஓடட்டும் என்று நிறுத்தி வைத்தது. தினமும் அதற்கு எண்ணெய் தேய்த்து, துடைத்து, பக்கத்தில் விறைப்பாக நிற்பதுதான் நிஜாமுதீனின் யுத்தம். ஹவில்தாருக்கு ஜப்பான்காரனைவிடக் கரையானிடம்தான் பயம். போன மாதம் மூன்றாம் நம்பரின் வாய்க்குள் ஒரு மைனா கூடு கட்டிவிட்டது. குஞ்சு பொரிக்கும்வரை அதை யாரும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு.

வெளியே மூச்சு விட்டால் கோர்ட் மார்ஷல். வஹீதாவிடம்கூட அவன் சொல்லவில்லை.

அப்படியிருக்க, நாலு என்று இவருக்கு யார் சொன்னது?

கடிதத்தில் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் தணிக்கைக்காரன் கத்தரித்திருப்பான். யோசிக்க நேரமில்லை. பெரியவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். உள்கதவுக்குப் பின்னால் வஹீதாவின் வளையல் சத்தமும் நின்றிருந்தது.

"வெடிச்சுது மாமா," என்றான். "நாலும் வெடிச்சுது."

பெரியவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மாமனார் சொல்லவில்லை. நல்லி எலும்பை இவன் பக்கம் தள்ளப் போன கை பாதியில் நின்றது.

நம்பவில்லை. தட்டிப் பார்க்கப் போகிறார்.

பார்த்தார். எந்த நேரத்தில் என்று கேட்டார். உச்சி வெயிலில் என்றான். வெயில்தான், வெயில்தான் என்று அவர் தனக்குள் முனகினார். சத்தம் கேட்டதா என்றார். கடலே ஒரு முழம் பின்வாங்கியது என்றான். நுனியிலா, அடியிலா என்றார். இதென்ன கேள்வி, வாய்ப்பக்கம்தான் என்று கையை நீட்டிக் காட்டினான். கை நீண்ட திசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் முகம் மட்டும் சுண்டிக்கொண்டே போனது.

போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு தடவை இல்லை, வாரா வாரம் வெடிக்கிறது என்று இவன் ஒரே போடாகப் போட்டான்.

ஜெகபர் அலி கவளத்தைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்கள் கை கழுவ முற்றத்துக்கு எழுந்து போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மாமனார் இவன் காதோரம் குனிந்தார்.

"பச்சை வாகை, மாப்பிள்ளை. ஆறு மாசம் காயப் போடணும்னு ஆர்டர் கொடுத்த பட்டாளத்துத் துரைகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டென்ட் முளைன்னு ஊருக்குச் சொல்லிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு நாலையும் நானே இழைச்சேன். என் பட்டறை மரம் வெடிச்சுதுன்னு நாப்பது வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்ல."

நிஜாமுதீன் அவர் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகக்கண்ணில் கறுப்பாகத் தார். என்ன தேய்த்தாலும் போகாத அதே தார் அவன் நகத்திலும் இருந்தது.



"ஒண்ணுகூட வெடிக்கல மாமா," என்றான் மெதுவாக. "ஒரு கீறல் இல்ல. நான்தானே தினம் துடைக்கிறேன்."

நல்லி எலும்பு இவன் பக்கம் வந்தது.

கை கழுவித் திரும்பிய பெரியவர்களுக்கு, நாகப்பட்டினத்தில் நாலும் எப்படி வெடித்தது என்பதை இந்தத் தடவை ஜெகபர் அலியே விளக்கிச் சொன்னார்.