பச்சைத் திரையில் கட்டைவிரல்

கார்பன் நானோகுழாய் பூசிய தகட்டில் டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரித்தால், படுத்துக் கிடக்கும் குழாய்கள் எழுந்து நிற்கும். வெற்றிடத்தில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் நுனிகளிலிருந்து எலெக்ட்ரான் பாயும். எதிரே உள்ள திரை பச்சையாக ஒளிரும். திருப்பரங்குன்றத்திலிருந்து ஆறு வருடமாக பஸ்ஸேறி வந்து பாலமுரளி செய்த ஆராய்ச்சி இவ்வளவுதான். பாய்ச்சலும் போதவில்லை, பட்டமும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை நன்றாகவே பாய்ந்தது. ஆனால் திரையில் ஒளிர்ந்தது கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்புடன். பாலமுரளி கையுறை போட்டிருந்தான். தழும்பு தேவிகாவுடையது. இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவள். போன ஆடியில் லாரி மோதிச் செத்துப்போனவள்.

“தேவிகா அக்கா பேரையும் கட்டுரையில போடணும் சார்.”

“செத்தவ என்னப்பா, வேலைக்கா மனுப் போடப் போறா?” என்றார் பேராசிரியர். “ரேகை தெரியாம படத்தை வெட்டி அனுப்பு. ஒனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். வெட்டி அனுப்பினான்.

மூன்று மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. அதில் பேராசிரியர் பெயர் இருந்தது, அவர் மருமகன் பெயர் இருந்தது. பாலமுரளி பெயர் இல்லை.

“அடுத்ததுல போட்டுருவோம்ப்பா, எங்க போயிரப் போற?”

அன்றைக்கே கையுறையோடு புதுத் தகட்டை ஏற்றினான். மின்னோட்டம் சரியாக இரண்டு மடங்கு. திரையில் தழும்பு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல். கையுறையைக் கழற்றித் தன் கட்டைவிரலை நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு கோடு பிசகவில்லை.

பேராசிரியர் எட்டிப் பார்த்து, இரண்டு விரலையும் எண்ணி, மின்னோட்ட அளவைக் குறித்துக்கொண்டார்.

“இந்த வருசம் ஆராய்ச்சிக்குப் புதுசா நாலு பேரைச் சேர்த்துக்கிருவோம்ப்பா.”