இருவர் மட்டும்

14-6-1958. காரைச் சிவப்பு என்று நேற்று எழுதியது தவறு, அது மெரூன்.

தினமும் ஆபீஸ் போகக் கார் கொடுத்தால்தான் பாமா அக்காவை அழைத்துப்போவேன் என்றிருந்தார் அத்திம்பேர். கண்டோன்மென்ட் வெள்ளைக்காரர் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் இரண்டே சீட். இனி அக்காவின் மாமியார் இவர்கள் நடுவே வர முடியாது. சரியாக யோசித்ததாகத்தான் நினைத்தேன்.

இன்று அத்திம்பேர் தம் அம்மாவோடு வந்தார்.

"தினம் ஓட்டத் தாங்குமாடா?"

"பேஷா தாங்கும், அத்திம்பேர்!"

அக்கா பெட்டியுடன் வாசலுக்கு வருவதற்குள் மாமியார் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எங்கேடி உட்காருவே, என் மடியிலயா?" என்று அக்காவைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அம்பி, நாலு பேர் உட்கார்ற காரா ஒண்ணு வாங்கு. அப்புறம் இவ வரட்டும்."

கார் சீறிக்கொண்டு போனது.

நாளை: மாலை வகுப்புக்குப் போகாமல், நாலு சீட் கார் விசாரிக்க வேண்டும்.