ஜன்னலோரச் சுவர்

விற்பனைக்கு வந்திருக்கும் காலி வீட்டின் படுக்கையறையில் சாயங்கால வெயில் தாராளமாக விழுந்து கிடக்கிறது. வாசலில் செருப்புக் குவியல். வீடு பார்க்க வந்தவர்கள் மாடிப்படி வரை நிற்கிறார்கள். தையல்காரி தன் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து ஜன்னலோரச் சுவரை நகர்த்தி நகர்த்தி வைத்து அளக்கிறாள். மறுமுனையைக் கணவன் பிடித்திருக்கிறான். "மெஷினை இங்க போட்டா பகல்ல லைட்டே வேண்டாங்க," என்கிறாள். வாடகை வீட்டின் இருட்டு மூலையில் ஊசி கோத்துக் கோத்துக் கண் மங்கிப்போனவள். சொந்த வீடு என்று கிளம்பியதிலிருந்து பார்த்ததெல்லாம் கைநழுவிப் போனதில் அவன் பேச்சையே குறைத்துவிட்டான். இப்போது லேசாகச் சிரிக்கிறான். தரகர் எட்டிப் பார்க்கிறார். "தப்பா நினைக்காதீங்க, இது முடிஞ்சுபோச்சு. சார் கீழ கார்லயே பேசி முடிச்சிட்டார்." பின்னாலேயே அந்தச் சார், ஷூவைக் கழற்றாமல் உள்ளே வருகிறார். வாங்கிய வீட்டை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். கண் டேப்பில் நிற்கிறது. "அளந்துட்டியாம்மா? எவ்வளவு வருது? நடுவுல ஒரு தடுப்பு வச்சா ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுடலாம்." கணவன் தன் முனையை விட்டுவிடுகிறான். அவள் சுருட்டச் சுருட்ட அது தரையில் உரசிக்கொண்டே அவளிடம் போகிறது. "பத்தே முக்கால் அடி சார்," என்கிறாள் அவள், டேப்பைப் பார்க்காமலே.