கூழுக்கு மிளகாய்

எழுபத்திரண்டாம் வருஷம் மாசியில் கோட்டைச்சாமி செத்ததிலிருந்து அவர் வளர்த்த கிழட்டு நாய் எதையும் தின்னவில்லை. பரளச்சிக்கு வந்த மாட்டு டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

“பல்லு ஒண்ணுகூட இல்லத்தா. வயசாயிருச்சு. கூழாக் கரைச்சு ஊத்து.”

“அவுக குடிச்சு மிச்சம் வச்சாத்தான் இது குடிக்கும், சார்” என்றாள் கோட்டைச்சாமியின் பெண்டாட்டி சங்கரம்மாள்.

மறுநாள் புருஷனின் வட்டிலிலேயே கம்பங்கூழை ஊற்றினாள். கைப்பழக்கத்தில் ஒரு பச்சை மிளகாயையும் ஓரத்தில் வைத்துவிட்டாள். நாயை உள்ளே விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பருத்தி எடுக்கப் போனாள்.

வெயில் தாழத் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். நாய் வட்டிலின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பாதி மிளகாய் கிடந்தது. கடித்த இடத்தில் பல் பதிந்திருந்தது.

அடுத்த நாள் அவள் இரண்டு மிளகாய் வைத்தாள்.