பட்டையில் படர்ந்த வெள்ளை

செடியை ஊட்டி வளர்த்த பூஞ்சையை வெளியே நிறுத்திவிட்டுப் பரிசு வாங்குவதா என்று நினைத்துக்கொண்டாள் அமிர்தவல்லி. மலர்க் கண்காட்சியில் அவளுடைய ஆர்க்கிட் தொட்டியைச் சுற்றித்தான் கூட்டம். தூசி போன்ற அந்த விதைகள் சுத்தமான மண்ணில் ஒருமுறைகூட முளைக்கவில்லை. வெண்பூஞ்சை படர்ந்த மட்கிய மரப்பட்டையில் தூவிய பிறகுதான், பூஞ்சை ஊட்ட ஊட்ட, முளை எழுந்தது. வருடங்கள் கழித்து இப்போது முதல் பூ.

“அண்ணி, நடுவர் வந்துட்டார்” என்று பிரஷ்ஷை நீட்டினாள் நாத்தனார் கலாவதி. “தொட்டியில பட்டை மேல இருக்கிற அந்தப் பூசணத்தைத் தேய்ச்சு எடுத்துடுங்க, கோப்பை நமக்குத்தான். குளிக்காம மணவறைக்கு வந்த பொண்ணு மாதிரி நிக்குது!”

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பிரஷ்ஷை வாங்கவில்லை. வெள்ளை படர்ந்த பக்கம் நடுவரின் கண்ணில் படும்படி தொட்டியை மெல்லத் திருப்பி வைத்தாள்.