சாய்தளத்தில் முதல் நாள்

ஊராட்சி அலுவலகப் படிகளுக்குப் பக்கத்தில் போட்ட சாய்தளத்தில் சிமெண்டு வாசம் இன்னும் போகவில்லை. தையற்காரர் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி மேலேறுகிறார். இத்தனை வருஷமும் கூட்டம் நடக்கும்போதெல்லாம் வெளியே ஜன்னலடியில் இருந்து, தொண்டை கிழியத்தான் தன் தெருவுக்காகப் பேசினார். உள்ளே மின்விசிறி கிறீச்சிடுகிறது. கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம், அண்ணே," என்று தலைவி மேசையோரத்து நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறார். நன்றி சொல்ல வாயெடுத்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். "முதல்ல நீங்களே சொல்லுங்க. என்ன வேணும்?" என்று தலைவி கேட்கிறார். "பள்ளிக்கூடத்துலயும் இது மாதிரி ஒண்ணு போடணும்மா. அங்க ஒரு பொண்ணை அவங்கப்பா தூக்கிட்டுப் படியேறுறாரு." அறை முழுக்கக் கைகள் உயர்கின்றன.